எல்லா மரமும் கரையேறிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து முளைத்தது. அந்த வாக்கியமும் என்னுடையதல்ல. கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் செல்போனில் யாரையோ வறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு சூடு பிடித்த நேரத்தில் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேச்ச இப்ப எடுக்காத. போட்டு உள்ள கீது, தெரியுதா? வந்தப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டார்.

போட்டு என்றால் படகு. உள்ளே என்றால் கடலுக்குள்ளே. எந்தப் பேச்சு என்று கேட்டிருக்கலாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. திருவொற்றியூர் போய்ச் சேரும்வரை எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. படகு கடலில் இருக்கும்போது ஒரு வீட்டில் பேசக்கூடாத பேச்சு என்று ஒன்று உண்டு. அதைத் தெரியாத்தனமாக ஒருவர் வந்து, அதுவும் அச்சடித்த காகிதத்திலிருந்து, உரக்கப் படித்தால் என்ன ஆகும்?

அச்சடித்த காகிதம் என்றதும் எனக்குக் குழுக்கள் ஞாபகம் வந்தன. (எனக்குக் குழுக்கள் என்றால் ஒரு பலவீனம் உண்டு. ஊரே கேலி செய்யும் விஷயம் அது. நாலு பேர் கூடி, காபி குடித்து, அறிக்கை எழுதி, அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள் என்று. இருக்கட்டும். அந்த நாலு பேரில் ஒருவர் வெயிலில் நடந்து போய் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டிருப்பார் என்று நான் நம்புகிறவன். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.)

இப்படி ஒரு குழு 1931இல் ராயபுரத்தில் கூடியதா என்று ஆவணக் காப்பகத்தில் போய்த் தேட வேண்டாம். கூடவில்லை. நான்தான் கூட்டினேன். குப்பத்து வழக்கம் என்று நான் சொல்லப்போவதும் அந்த ஒற்றை வாக்கியத்தின்மேல் நான் கட்டியதுதான்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"1931ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், கடலோரக் குடும்ப வழக்கங்கள் குறித்த ஆலோசனைக் குழு தனது விசாரணையை ராயபுரத்தில் தொடங்கிற்று. விவாகம், விவாக விலக்கு, மறுமணம் ஆகியவை சம்பந்தமாகக் கரையோர மக்களிடையே நிலவிவரும் —"

அடித்துவிட்டேன். கெஜட் வாசனை அடித்தது. இரண்டாவது தொடக்கம் நேராக விஷயத்துக்குள் குதித்தது:

"கெங்கம்மாவின் புருஷன் துரை கடலில் —"

இதை அடிக்கவில்லை. முடிக்கவும் இல்லை. கோட்டோடு நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பது போகப்போகத் தெரியும். நீங்களும் தயவுசெய்து அவசரப்பட்டு மனதுக்குள் முடித்துவிடாதீர்கள்.

ஆகவே மூன்றாவது தொடக்கம், ஆட்களிலிருந்து. குழுவில் மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற ஜட்ஜ் ரகுபதி முதலியார். பேச்சில் சிக்கனம், காலில் எப்போதும் பளபளக்கும் பூட்ஸ். இரண்டாமவர் மண்ணடி வக்கீல் லியாகத் அலி. குழுவின் எழுத்து வேலையெல்லாம் அவர் தலையில், எழுதிக்கொண்டே வாயாடுவார். மூன்றாமவர் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்த ஆவுடையம்மாள். திருநெல்வேலிக்காரர். குழுவில் ஒரு பெண் இருக்கட்டும் என்று மேலிடத்தில் யாரோ சொன்னதால் சேர்க்கப்பட்டவர். சும்மா இருந்தால் போதும் என்றுதான் சேர்த்தார்கள். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

பெண்களின் கலியாண வயது பற்றிச் சட்டம் வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். கரையோரத்து மக்களின் கலியாண வழக்கங்களை அப்படியே விட்டுவிடலாமா, சட்டம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது இந்த மூவரின் வேலை. யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் அரசாங்கத்தின் இஷ்டம். இதைத் தெரிந்துகொண்டும் மூன்று பேர் பாடுபட்டார்கள் என்பதுதான் என்னை இந்தக் கதையில் பிடித்து உட்கார வைத்தது.

3

காசிமேட்டுக்கு வடக்கே ஒரு குப்பம். பெயர் சொல்லவில்லை. விடியுமுன் ஆண்களெல்லாம் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். (அந்தப் பக்கத்தில் கட்டுமரத்தை வெறுமே 'மரம்' என்பார்கள். இனி நானும் அப்படியே.) வலை வைக்கிற கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள். அந்த நேரத்தைப் பொறுக்கி எடுத்தது ஆவுடையம்மாள்தான்.

"ஆம்பளைக இருந்தா இவுக வாயைத் திறக்க மாட்டாக. அவுக கடலுக்குப் போன நேரமாப் பார்த்துப் போவோம்" என்று தலைவரிடம் வாதாடி வாங்கிய நேரம் அது. நல்ல யோசனை. நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். அதனால்தான் அந்தத் தப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கறை உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

குப்பத்து நாட்டார் ஜெயவேல் வாசலில் நின்றுகொண்டார். நாட்டார் என்றால் அந்தக் குப்பத்துக்குத் தலைவர்; பஞ்சாயத்தும் தீர்ப்பும் அவர் வாய்ச்சொல். முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை விட்டிருந்தார். பெண்கள் கதை பேசிக்கொண்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்தார்கள். ஆவுடையம்மாள் கேள்வித்தாளை எடுத்தார். பேர், வயசு, பிள்ளைகள் எத்தனை. எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். லியாகத் அலிக்கு எழுதி முடியவில்லை. அடுத்த கேள்வியை ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்துக் குரலில், கணீரென்று படித்தார்.

"கணவன் இறந்துபோனால், எவ்வளவு காலம் கழித்து மனைவி மறுமணம் செய்துகொள்ள உங்கள் குலவழக்கம் இடம் தருகிறது?"

(அச்சில் இருந்ததை அப்படியே தந்திருக்கிறேன். இனி அந்தச் சொல் இந்தக் கதையில் வராது.)

கொட்டகை அடங்கிவிட்டது. ஒருத்தி மண்ணில் மூன்று தரம் துப்பினாள், மற்றவர்களும் துப்பினார்கள். இன்னொருத்தி தண்ணீர்க் குடத்தைத் தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கவிழ்த்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மீன் விற்கிற குப்பம்மா, நடுவயதுக்காரி, பெரிய குரலுக்குப் பேர்போனவள், அன்றைக்குக் குரலே எழும்பாமல் சொன்னாள்: "எய்ந்து வாங்கடி எல்லாரும்."

"ஏன் தாயி, என்ன ஆச்சு? நான் எதுவும் தப்பாக் கேட்டுட்டேனா?"

பெண்கள் குனிந்தபடி வெளியேறினார்கள். ஒரே ஒருத்தி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. இளம் வயது. நெற்றியில் குங்குமம், மடியில் மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. மற்றவர்கள் துப்பியபோது அவள் துப்பவில்லை. மீதிக் கேள்வியையும் படிக்கட்டும் என்று காத்திருப்பவள்போல ஆவுடையம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பம்மா திரும்பி வந்து, அவள் இரண்டு காதையும் தன் கையால் பொத்தி, அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள்தான் கெங்கம்மா.

"அவுங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க, எசமான். எங்க பொம்பளைங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது" என்றார் ஜெயவேல்.

ரகுபதி முதலியார் தலையாட்டினார். 'இக்கரையோரப் பெண்களுக்கு மணவழக்கங்கள் குறித்துக் குறை ஏதுமில்லை' என்று ஒரு வரி அன்று பகலே சுத்தப்பிரதியாகிவிட்டது.

4

இங்கே கதையை நிறுத்தி ஆவுடையம்மாளைப் பற்றி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அவரை இளம் வயதிலேயே தாலியிழந்தவராகத்தான் எழுதியிருந்தேன். வெள்ளைப் புடவை, இறுகிய உதடு, எல்லாம் கச்சிதமாக அமைந்தது. அமைந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டவருக்குத்தான் அடுத்தவர் வலி தெரியும் என்றால் பிறகு குழு எதற்கு, விசாரணை எதற்கு? அதனால் அவருக்கு ஒரு புருஷனைக் கொடுத்தேன். துறைமுகத்தில் குமாஸ்தா. வாய் பேசாத மனுஷர், ரசம் நன்றாக வைப்பார். ஆவுடையம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒருத்தியின் காதை இன்னொருத்தி பொத்தியதைப் பார்த்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

(இன்னொன்று. ஆவுடையம்மாளுக்கு 'அவர்', கெங்கம்மாவுக்கு 'அவள்' என்று என் கை தானாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. கெங்கம்மாவை 'அவர்' என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். ஆகவே இனி இருவருமே 'அவள்'. குழுவின் ஆண்கள் 'அவர்' ஆகவே இருக்கிறார்களே என்றால், அதை விசாரிக்க இன்னொரு குழுதான் போட வேண்டும்.)

மறுநாள் ஆவுடையம்மாள் ராயபுரம் மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து மீன் பக்கமே போகாத சைவக் குடும்பத்துப் பெண். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, சேறு தெறித்த புடவையோடு, குப்பம்மாவின் கூடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னா வேணும், வஞ்சிரமா?" என்றாள் குப்பம்மா, முகத்தைப் பார்க்காமல்.

"மீனு வேண்டாம் தாயி. ஏசுதது வேணும். நேத்தே ஏசியிருக்கலாம்லா, பேசாமப் போயிட்டீகளே."

குப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"ஏன் டீச்சரம்மா, ஒன் வூட்டுக்காரரு ஆர்பருக்கு வேலைக்குப் போயிருக்கசொல்ல, நான் வந்து ஒன் வாசல்ல நின்னுகினு, அவரு அப்டி ஆயிட்டா நீ இன்னா பண்ணுவேன்னு கேட்டா நீ இன்னா பண்ணுவே? வெளக்குமாத்த எடுப்பியா மாட்டியா? மரம் அத்தினியும் உள்ள கீது. ஒரு வூட்டு மரம் தண்ணில கீறப்ப அந்த வூட்டுப் பொம்பள காதுல அந்த வார்த்த வியக்கூடாது. எங்கள்ல பச்சப்புள்ளைக்குக்கூட தெரியும்."

ஆவுடையம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். வெட்கத்தில் நாற்றம் தெரியவில்லை.

"அப்போ எப்பக் கேக்கலாம்?"

"எல்லா மரமும் கரையேறட்டும். அப்பால இன்னா வேணா கேளு. எங்களுக்கு வாயில்லேன்னு நெனச்சிகினியா? ஊரு கத அல்லாம் சொல்லுவோம்."

"உக்காந்தே இருந்தாளே ஒரு பிள்ளை, அவ?"

குப்பம்மா ஒரு மீனை எடுத்து, திருப்பிப் பார்த்து, பழையபடி வைத்தாள்.

"அவ வூட்டு மரம் இன்னும் ஏறல" என்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் போன மரம். சேர்ந்து போன மற்ற மரங்கள் வந்துவிட்டன. துரையின் மரம் வரவில்லை. கட்டையோ கயிறோ எதுவும் ஒதுங்கவில்லை. எதுவும் ஒதுங்காததால் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் கெங்கம்மா இன்னும் புருஷன் உள்ளே போயிருக்கிற பெண். அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. மரம் வருகிற நேரத்துக்கு அந்தந்த வீட்டுப் பெண் உலர்ந்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய் நிற்பாள். நனைந்து வருகிறவன் அதில் துவட்டிக்கொள்வான். கெங்கம்மாவும் தினம் துண்டோடு போய் நிற்கிறாள்.

"சின்னப்பையன்னு ஒருத்தன் கீறான். நல்ல புள்ள. அவள கட்டிக்கிறேன்னு நாட்டாராண்ட வந்து கால்ல வியாத கொறயா கேட்டான். அறுத்துக் கட்றது எங்கள்ல தப்பில்ல டீச்சரம்மா, நாளைக்கே பண்ணலாம். ஆனா மொதல்ல நாட்டாரு பஞ்சாயத்துல அந்த வார்த்தய சொல்லணும். அவுரு சொல்ல மாட்டாரு."

"ஏன் சொல்ல மாட்டாரு? என்ன கொடுமை இது?"

"கொடுமயெல்லாம் இல்ல" என்றாள் குப்பம்மா. "தொர அவுரு மவன்."

5

இந்த இடத்தில் நான் ஒரு வில்லனை இழந்தேன். ஜெயவேலை முரடனாக வைத்து, கடைசியில் குழு அவரை மடக்குவதாகத் திட்டம் வைத்திருந்தேன். அவர் வெறும் அப்பாவாகிவிட்டார். பெற்ற வாயால் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிற மனுஷரை எப்படி மடக்குவது? ஆனால் அவர் சொல்லாத ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணின் வாழ்நாளிலிருந்து போகிறது. இரண்டும் உண்மை.

ஆவுடையம்மாள் குழுத் தலைவரின் வீட்டுக்குப் போனாள். லியாகத் அலியும் இருந்தார். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னோடதுதான் ஐயா. நேரம் பார்த்தது நான்" என்றாள்.

ரகுபதி முதலியாரிடம் நான் எதிர்பார்த்தது ஒரு எரிச்சல். வயசானவர், ஜட்ஜாக இருந்தவர், சுத்தப்பிரதி தயாராகிவிட்டது. அவர் அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படித்தார். நான்காக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் வைத்தார்.

"நமக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது, ஆவுடையம்மாள். ஆலோசனை சொல்லத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டு வாங்கின மௌனத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை சொன்னால் அதற்குப் பேர் வம்பு. மறுபடி போகலாம். இருந்தாலும் ஒன்று. அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறதே. ஏழு வருஷம் சேதி இல்லையென்றால் கோர்ட்டே அனுமானித்துக்கொள்ளும்."

"ஏழு வருஷம் துண்டு தூக்கிக்கினு நிக்கணும். அப்பறம் கோர்ட்டுக்குப் போகணும்" என்றார் லியாகத் அலி. "போனா எதிர்க்கட்சி வக்கீல் மொதல்ல இன்னா கேப்பான்? என்னை மாதிரி ஆளுதானே அவன். அந்த வார்த்தயத்தான் கேப்பான். அவ வாயால சொல்லச் சொல்லுவான். பேஜாரு சார் அது."

தலைவர் மேஜையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் அந்த வார்த்தையே இல்லாமல் சட்டம் எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் சொன்னபோதுதான் எனக்கு இந்தக் கதையை முடிக்கலாம் என்ற தைரியமே வந்தது.

6

மறுபடி போனார்கள். இந்தத் தடவை பகல் சாய்ந்த பிறகு. மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒருத்தி துண்டோடு இறங்கிப் போனாள். கொட்டகையில் உட்காரலாமே என்றார்கள். தலைவர் வேண்டாம் என்றுவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கருவாட்டுக்கும் காக்கைக்கும் நடுவில் மணலில் சம்மணம் போட்டார். ஒரே ஒரு மரம் பாக்கி. அதில் குப்பம்மாவின் மகனும் சின்னப்பையனும் போயிருந்தார்கள். காற்று விழுந்துவிட்டதால் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். மற்றப் பெண்களிடமாவது ஆரம்பிக்கலாமா என்று ஜெயவேல் கேட்டார்.

"எல்லா மரமும் வரட்டும்" என்றார் தலைவர்.

மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் இந்தக் கதையில் மிகவும் விரும்பி எழுதிய இடம் இதுதான். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ஜட்ஜ், ஒரு வக்கீல், ஒரு வாத்தியாரம்மா, மூவரும் யாரோ ஒருத்தியின் மகனுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லியாகத் அலிகூட வாயைத் திறக்கவில்லை. பெண்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்ததுதான் அப்புறம் அவர்கள் வாயைத் திறந்தது.

கடைசி மரம் ஏறியதும் பேச்சு கொட்டியது. குடிகாரனை விட்டுவிட்டு வந்தவள், சக்களத்தியோடு வலை பின்னுகிறவள், வயசுக்கு வராத மகளுக்குச் சம்பந்தம் பேசிய புருஷனை அடித்தவள். பழைய கேள்வியையே ஆவுடையம்மாள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை யாரும் துப்பவில்லை. விவரமாகப் பதில் சொன்னார்கள். லியாகத் அலியின் பேனாவில் மை தீர்ந்து, பென்சிலுக்கு மாறினார். அந்தக் கேள்வி வந்தபோது மட்டும் கெங்கம்மாவைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு அவளாகவே வந்து ஆவுடையம்மாளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மடியில் துண்டு. குப்பம்மாவின் கைகள் பழக்கத்தில் அவள் காதுப்பக்கம் எழும்பின.

ஆவுடையம்மாள் என்ன கேட்க வேண்டும்? நான் எழுதிப் பார்த்தவை: "உன் புருஷன் திரும்பி வராவிட்டால் —" (இதுவும் அதே சொல்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு.) "நீ எவ்வளவு காலமாகத் தனியாக —" (அவள் தனியாக இல்லை, மாமனார் வீட்டில் இருக்கிறாள்.) "சட்டம் உனக்கு உதவ வேண்டுமானால் —" (பாவம், சட்டத்தை அவள் கண்டாளா?) எல்லாவற்றையும் எறிந்தேன். ஆவுடையம்மாளும் கேள்வித்தாளை மடித்து மணலில் வைத்துவிட்டாள்.

"கெங்கம்மா, இந்தத் துண்டை இனிமே யாருக்குக் கொண்டு வரணும்னு உன் மனசுல இருக்கு?"

கெங்கம்மா துண்டைத் தடவிப் பார்த்தாள்.

"தெனம் தொவச்சி எடுத்தாரேன், டீச்சரம்மா. தெனம் காஞ்சே வூட்டுக்குத் திரும்பிப் போவுது."

கொஞ்ச தூரத்தில் கடைசி மரத்தின் கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான் சின்னப்பையன். அவனுக்கு வீட்டில் யாரும் இல்லை. இன்னும் ஈரத்தோடுதான் நின்றான். கெங்கம்மா எழுந்து அந்தப் பக்கம் திரும்பினாள்.

"எம்மவன் உள்ள கீறான்" என்றார் ஜெயவேல். "அவன் மரம் ஏறல, எசமான். அது வரிக்கும் அவ என் வூட்டு மருமவ. நாட்டாரா சொல்லல. அப்பங்காரனா சொல்றேன்."

கெங்கம்மா நின்றுவிட்டாள். "மாமா" என்றாள்.

ரகுபதி முதலியார் லியாகத் அலியைப் பார்த்து, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். மணலில் உட்கார்ந்தபடியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கணவன் தொழிலுக்குச் சென்று திரும்பாதிருந்தால், நியாயமான காலம் காத்திருந்த மனைவி, தான் இனிக் காத்திருக்கவில்லை என்று தெரிவித்தாலே போதும். வேறெதையும் அவள் சொல்லவோ நிரூபிக்கவோ வேண்டியதில்லை. அவளைச் சேர்ந்தவர்களையும் அது பற்றிக் கேட்கலாகாது."

"இன்னொருவாட்டி படி, சாயபு" என்றார் ஜெயவேல்.

லியாகத் அலி படித்தார். ஜெயவேல் இருட்டில் தடவித் தேடுகிறவர்போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அந்த வார்த்த எங்கியும் வரலியே."

"வராது, நாட்டாரே" என்றார் லியாகத் அலி.

"என்னிய சொல்லச் சொல்லுமா?"

"சொல்லச் சொல்லாது. உங்க மகன் உள்ளயே இருக்கட்டும். அவ காத்திருக்கறத மட்டும்தான் நிறுத்தறா."

ஜெயவேல் கடலைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கடலுக்கும் மருமகளுக்கும் முதுகைக் காட்டி, ரயில் ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பார்க்க மட்டும் முடியவில்லை.

"நாமும் திரும்பிக்கொள்ளலாம்" என்றார் தலைவர். "அவள் என்ன செய்கிறாள் என்பது குழுவுக்குத் தேவையில்லை. செய்ய இடம் இருந்தால் போதும்."

தலைவர் திரும்பினார். லியாகத் அலி திரும்பினார். குப்பம்மா, மற்றப் பெண்கள், எல்லோரும். ஆவுடையம்மாளுக்கு மட்டும் ஒரு கணம் மனசு கேட்கவில்லை. பிறகு அவளும் திரும்பிக்கொண்டாள். ராயபுரத்துப் புகைபோக்கிகளையும் அதற்கு மேல் சிவந்த வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தானாக வழிந்தது.

7

இதுவரை ஆவுடையம்மாளின் தோளுக்குப் பின்னாலேயே நின்று எழுதிக்கொண்டு வந்தேன். அவள் திரும்பியதும் நானும் திரும்பிவிட்டேன். எனக்கும் இப்போது புகைபோக்கிகள்தான் தெரிகின்றன.

அந்தச் சிபாரிசு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அறிக்கை மேலே போயிற்று. மேலே போனதற்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அது சட்டமாயிற்று என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அந்தக் குப்பத்தில், கோர்ட்டு கச்சேரி எதுவும் வருமுன்னே, ஒரு தகப்பன் அன்றைக்குத் திரும்பி நின்றார். ஆலோசனை சொல்வதற்கு மட்டுமே அதிகாரம் உள்ள மூன்று பேர் அதைச் செய்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, நானே உண்டாக்கினவர்கள் என்றாலும்.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் அவள் மணலில் நாலு எட்டு வைத்து சின்னப்பையனிடம் துண்டை நீட்டுகிறாள். எழுதியவுடனே, இரண்டாம் பகுதியில் கோட்டோடு நிற்கிறதே ஒரு வாக்கியம், அது தானாக முடிந்துவிட்டது. அதைப் படிக்க ஜெயவேல் இருக்கிறார். கிழித்தேன். இன்னொன்றில் அவள் துண்டை மடித்து மாமனாரோடு வீட்டுக்குப் போகிறாள். இதில் யாருக்கும் வலிக்கவில்லை, அவளைத் தவிர. அதையும் கிழித்தேன்.

ஆகவே இப்படி விடுகிறேன். கரையில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். சின்னப்பையனை விட்டால் கடலைப் பார்த்து நிற்பது இரண்டு பேர். ஒருத்தி துண்டோடு கெங்கம்மா. அவள் மணலில் நடக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்னொருவர் நீங்கள். இந்தக் கதையில் உங்களை மட்டும் யாரும் திரும்பச் சொல்லவில்லை.

பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். அவசரமில்லை. சொல்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வெளியே போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது இன்னும் வரவேண்டியிருந்தால், பரவாயில்லை, நாங்கள் இப்படியே திரும்பி நிற்கிறோம்.